மறுப்பும் அதன் விலையும்: மூன்று தமிழ்த் திரைப்படங்களில் பணியுலகில் நுழையும் இளைஞரின் வாழ்வியல் விழுமியங்கள்

ஆய்வுச் சுருக்கம்

கல்வியை முடித்துப் பணியுலகின் வாயிலில் நிற்கும் இளைஞர் எதை முதன்மையாகக் கொள்கின்றனர், எதை விட்டுக்கொடுக்க மறுக்கின்றனர் என்னும் வினாவைத் தமிழ்த் திரைப்படம் பலமுறை எழுப்பியுள்ளது. வறுமையின் நிறம் சிவப்பு (1980), கற்றது தமிழ் (2007), வேலையில்லா பட்டதாரி (2014) ஆகிய மூன்று படங்களை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. மூன்றிலும் நாயகனின் விழுமியம் ஒரு மறுப்பாகவே வெளிப்படுகிறது. அம்மறுப்பு யாருடைய உழைப்பில் நிற்கிறது, யாருக்கு அது வாய்க்கவில்லை என்பவற்றைப் படங்கள் காட்டியும் பேசாமல் விட்டுள்ளன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: விழுமியம், பணியுலகு, பொருள்வயிற் பிரிவு, தன்மானம், தமிழ்த் திரைப்படம், பெண் உழைப்பு

முன்னுரை

பொருள் தேடுவதா, உடனிருப்பதா என்னும் தடுமாற்றம் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. அகத்திணை மரபு அதற்குத் தனி இலக்கணமே வகுத்துள்ளது. ஓதற்பிரிவும் பொருள்வயிற் பிரிவும் தலைவன் வாழ்வில் அடுத்தடுத்து வரத்தக்கவை. புறப்படும் முன் அவன் தன் நெஞ்சோடு வழக்காடுகிறான்; பொருளின் நிலையாமையையும் இளமையின் நிலையாமையையும் எடைபோடுகிறான்; செல்லாமல் தயங்குகிறான். இத்தயக்கத்தைச் செலவழுங்குதல் என்பர். அது செல்லாமலே நின்றுவிடுதலன்று, தலைவியை ஆற்றுவித்துச் செல்வதற்கான தவிர்ச்சியே என்று தொல்காப்பியம் தெளிவுபடுத்துகிறது. ஆக, மரபில் தயக்கம் உண்டு, மறுப்பு இல்லை. தலைவன் இறுதியில் போயே தீருவான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த அமைப்பு தலைகீழாகிறது. கல்லூரிப் படிப்பை முடித்த திரைநாயகன் புறப்படத் தயாராக இருக்கிறான். ஆனால் சென்று சேர ஓர் இடமில்லை. இருக்கும் இடங்களோ அவன் ஒன்றை இழந்தால்தான் கிடைக்கும். மரபுத் தலைவனுக்கு ஒரு துறையளவே நீண்ட தயக்கம் இவனுக்கு முழுக் கதையாக நீள்கிறது. வேலையில்லாத் திண்டாட்டப் படங்கள் என்று பொதுவாக வகைப்படுத்தப்படும் இப்படங்களை இக்கோணத்தில் பார்க்கும்போது, அவை வேலையின்மையைப் பற்றியவை என்பதைவிட, வேலைக்காக எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்னும் வழக்கைப் பற்றியவை என்பது புலனாகும்.

தன்மானமும் பசியும்

கே. பாலசந்தர் இயக்கிய வறுமையின் நிறம் சிவப்பு 1980ஆம் ஆண்டு வெளிவந்தது. சங்கீத வித்துவான் ஒருவரின் மகனும் தத்துவ முதுகலைப் பட்டதாரியுமான ரங்கன் (கமல்ஹாசன்) தில்லியில் நண்பர்களோடு ஓர் அறையில் தங்கி வேலை தேடுகிறான். களம் தில்லியாக அமைந்தது தற்செயலன்று. அக்காலத்துப் படித்த இளைஞனுக்கு வேலை என்பது பெரும்பாலும் அரசு வேலை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை அவனது எதிர்காலத்தின் சான்று. அரசின் தலைநகரிலேயே அவனைப் பட்டினி கிடக்கச் செய்வதன் வழியாக, வாக்குறுதி அளித்தவரின் வாசலிலேயே அந்த வாக்குறுதி பொய்த்ததைப் படம் காட்டிவிடுகிறது.

ரங்கனின் விழுமியம் தன்மானம். அவனுக்குப் பசி பெரிதன்று. பசியைப் பிறர் அறிவதே பெரிது. சமைக்க ஏதுமில்லாத அறையில் உண்பதுபோலப் பாத்திர ஓசை எழுப்பி வெளியே நிற்பவளை நம்பவைக்கும் காட்சி இதன் உச்சம். நகைச்சுவையாகத் தொடங்கி மூச்சை அடைக்கும் அக்காட்சியில் ஒரு தலைமுறையின் நடுத்தர வர்க்க ஒழுக்கம் முழுவதும் அடங்கியுள்ளது. பாரதியின் வரிகள் அவனுக்குக் கவசம். இப்படம் தெலுங்கில் ஆகலி ராஜ்யம் என உருவானபோது பாரதியின் இடத்தில் ஸ்ரீஸ்ரீ வந்தார் என்பது நோக்கத்தக்கது. கதையின் தேவை ஒரு குறிப்பிட்ட கவிஞர் அன்று. பசித்தவன் தலைநிமிர்ந்து நிற்பதற்கு அவனது மொழியில் இருக்கும் ஓர் ஆதாரம்.

ரங்கன் இறுதியில் முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். மகனை அக்கடையில் தந்தை காணும் காட்சி உழைப்பின் மேன்மையை உணர்த்துவதாகப் பொதுவாகப் போற்றப்படுகிறது. அப்போற்றுதல் முழுமையானதன்று. அத்தொழில் தமிழ்ச் சமூகத்தில் பிறப்போடு பிணைக்கப்பட்ட தொழில். அதைச் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஒருவனுக்கு அது விழுமியத்தின் வெற்றியன்று. கல்வியின் வழியாக அவன் வெளியேற விரும்பிய இடம். உயர்சாதிப் பண்பாட்டுச் சூழலில் வளர்ந்த ரங்கன் அத்தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அது மேன்மையாகத் தோன்றுகிறது. காட்சியின் அதிர்ச்சி முழுவதும் தந்தையின் கண்களில் வைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். அக்கடையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவனின் கண்களில் அக்காட்சியை எடுத்திருந்தால் அது வேறொரு படமாகியிருக்கும். தேர்வு என்பதே ஒரு சலுகை என்னும் உண்மை 1980இன் இந்தத் துணிச்சலான படத்துக்கும் எட்டவில்லை.

தமிழ் படித்தவனின் கணக்கு

இயக்குநர் ராமின் முதல் படமான கற்றது தமிழ் 2007இல் வெளிவந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் 1991இன் பொருளாதாரத் தாராளமயம் நிகழ்ந்திருந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டிருந்தது. பழைய மாமல்லபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களின் சாலையாக மாறியிருந்தது. ரங்கனின் காலத்தில் வேலை இல்லை என்பது எல்லாருக்குமான குறை. பிரபாகரின் (ஜீவா) காலத்தில் வேலை இருக்கிறது, ஊதியமும் இருக்கிறது. ஆனால் அவன் படித்த படிப்புக்கு இல்லை. வறுமை பொதுவாக இருந்தபோது எழாத ஒரு வினா இப்போது எழுகிறது: அடுத்தவனுக்கு ஏன் அவ்வளவு, எனக்கு ஏன் இவ்வளவு?

நல்ல மதிப்பெண் பெற்றும் விரும்பித் தமிழ் படித்தவன் பிரபாகர். அவ்விருப்பத்தின் ஊற்று பூபாலராயர் என்னும் தமிழாசிரியர் (அழகம்பெருமாள்). தாயையும் உற்றாரையும் இளமையிலேயே இழந்த சிறுவனுக்கு அவர் கற்பித்தது மொழி மட்டுமன்று. உலகில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்னும் நம்பிக்கையும்தான். ஆகவே தமிழ் முதுகலை அவனுக்கு ஒரு பட்டம் என்பதைவிட ஒரு நன்றிக்கடன். அந்தப் படிப்புக்குத் தனியார் பள்ளியில் கிடைக்கும் மாத ஊதியம் 2000 ரூபாய். ஊதியம் குறைவு என்பதோடு நிற்கவில்லை. தனக்கு வாழ்வளித்த ஆசிரியரின் மதிப்பையே சமூகம் அத்தொகையாக மதிப்பிட்டுவிட்டது என்று அவன் உணர்கிறான். அவனது சீற்றத்தின் அளவை இந்த உறவைக் கொண்டே விளக்க முடியும். வெறும் பொறாமை என அதை ஒதுக்கும் விமர்சனங்கள் பூபாலராயரை மறந்துவிடுகின்றன.

படத்தின் பெயரிலேயே காலத்தின் முரண் படிந்துள்ளது. தமிழ் எம்.ஏ. என முதலில் பெயரிடப்பட்ட இப்படம், தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்த 2006ஆம் ஆண்டு அரசாணையையொட்டிக் கற்றது தமிழ் எனப் பெயர் மாறியது. தமிழ்ப் பெயருக்குச் சலுகை வழங்கப்பட்ட காலத்திலேயே தமிழ் படித்தவனின் ஊதியம் ஒரு திரைக்கதைக்குரிய அவலமாக இருந்தது. அதே 2006இல் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டமும், 2010இல் தமிழ்வழிக் கல்வி பயின்றோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தன. அவை பயனற்றவை என்று கூறுவதற்கில்லை. ஆனால் மொழியைச் சின்னமாகப் போற்றும் ஏற்பாடும், அதைக் கற்பிப்பவரின் ஊதியத்தைத் தீர்மானிக்கும் ஏற்பாடும் வெவ்வேறு மேசைகளில் முடிவாகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு விரிவுரைக்கு 1500 ரூபாய் என்ற கணக்கில் மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் எனப் பரிந்துரைத்த பின்னரும், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அதனினும் மிகக் குறைந்த தொகுப்பூதியத்திற்கே முனைவர் பட்டம் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியதைத் தமிழ்த் துறையினர் அறிவர். இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்றாலும், வேறு கதவுகள் குறைந்த துறையில் இதன் சுமை கூடுதல். பிரபாகரின் கதையைத் திரை மிகை என்று தமிழ்த் துறைகளுக்குள் எளிதில் ஒதுக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

எனினும் படத்தின் சீற்றம் எங்கே பாய்கிறது என்பது ஆய்வுக்குரியது. பிரபாகர் தன்னைவிடப் பல மடங்கு ஊதியம் பெறும் அழைப்பு மைய இளைஞனைக் கேள்வி கேட்கிறான். நகரத்தின் நுகர்வுப் பகட்டைக் கண்டு கொதிக்கிறான். 2000 ரூபாய் கொடுத்த பள்ளி நிர்வாகமோ, பணியிடங்களை நிரப்பாத கல்வித் துறையோ அவனது நேரடி இலக்காவதில்லை. அழைப்பு மைய இளைஞனும் தொலைதூர நிறுவனம் ஒன்றின் ஊதியக் கணக்கில் மலிவாகக் கிடைத்தவனே. இரவைப் பகலாக்கிப் பிறர் பெயரில் பிறர் உச்சரிப்பில் பேசிப் பிழைப்பவனை ஆதிக்கத்தின் முகமாகக் காட்டியது படத்தின் பெரும் பிழை. இரண்டு தொழிலாளரை எதிரெதிரே நிறுத்தியதில் முதலாளி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டார்.

பிரபாகர் பேசும் முறையும் கவனத்துக்குரியது. அவன் தன் வாழ்க்கையையும் தான் செய்த கொலைகளையும் ஒளிப்படக் கருவியின் முன் வாக்குமூலமாகச் சொல்கிறான். அகமரபின் நெஞ்சொடு கிளத்தலோடு இதை ஒப்பிடலாம். அங்கே தலைவனுக்குக் கேட்பதற்கு நெஞ்சாவது இருந்தது. ரங்கனுக்கு நண்பர்களும் பாரதியும் இருந்தனர். பிரபாகருக்கு இயந்திரம் மட்டுமே மிச்சம். தமிழ் படித்தவனின் பேச்சைக் கேட்க ஆளில்லை என்பதை இதைவிடக் கூர்மையாக வேறெந்தத் தமிழ்ப் படமும் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுக் காத்திருப்பு

தனுஷ் நடிக்க வேல்ராஜ் இயக்கிய வேலையில்லா பட்டதாரி 2014இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. பொறியியல் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997இல் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டின் கல்வி ஆசை முழுவதும் அச்சாளரத்தின் முன் திரண்டது. 2007-08ஆம் கல்வியாண்டு முதல் நுழைவுத் தேர்வு நீங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் 500ஐத் தாண்டின. பொறியியல் பட்டம் பெற்றவருள் பலர் எத்துறையில் படித்திருந்தாலும் மென்பொருள் வேலைக்கே சென்றனர். கட்டடப் பொறியியல் படித்த ரகுவரன், கட்டடத் துறையில் மட்டுமே வேலை செய்வேன் என்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கிறான். மென்பொருள் வேலையிலிருக்கும் தம்பியோடு ஒப்பிடப்பட்டு நாள்தோறும் தந்தையிடம் (சமுத்திரக்கனி) வசை வாங்குகிறான்.

இங்கே மறுப்பின் தன்மை மாறியிருக்கிறது. ரங்கன் காத்தது தன்மானம். பிரபாகர் காத்தது நன்றிக்கடன். ரகுவரன் காப்பது தனக்குப் பிடித்த துறை. பிடித்த வேலையைச் செய் என்னும் இக்காலத்தின் பொதுவான அறிவுரையோடு இது ஒத்துப்போகிறது. படத்தின் பெயரைச் சுருக்கினால் வி.ஐ.பி. என வருவதும் இயல்பே. தோல்வியை ஒரு தனித்தகுதியாக மாற்றிக்கொள்ளும் இச்சாமர்த்தியம் முந்தைய இரு படங்களிலும் இல்லை. இளைஞர் இப்படத்தைத் தம் படமாகக் கொண்டாடியதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

நான்கு ஆண்டுகள் காத்திருக்க ஒரு வீடு வேண்டும். சோறு வேண்டும். வசை பாடினாலும் வெளியே அனுப்பாத தந்தையும் பரிந்து பேசும் தாயும் வேண்டும். கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இக்காத்திருப்பு நான்கு மாதங்கள்கூட நீளாது. அத்தகையவன் கிடைத்த வேலைக்குச் செல்வதை விழுமியக் குறைவாகப் பார்க்கும் பார்வை படத்துக்குள் மறைந்துள்ளது.

வேலை கிடைக்கும் விதம் இன்னும் சிக்கலானது. பணமும் பரிந்துரையும் இல்லாமல் தகுதியால் மட்டுமே முன்னேறுவதாக ரகுவரனைப் படம் முன்வைக்கிறது. ஆனால் தாய் இறந்து, அவரது நுரையீரல் தானமாக வழங்கப்பட்டு, அதைப் பெற்றவளின் தந்தை நன்றியுணர்வோடு தம் கட்டுமான நிறுவனத்தில் அவனுக்கு இடமளிக்கிறார். தகுதி அதன் பிறகே வெளிப்படுகிறது. பரிந்துரையை மறுத்த கதையில் ஆகப் பெரிய பரிந்துரை தாயின் உடலிலிருந்து வருகிறது. படம் இதை உருக்கமாகக் காட்டுகிறதே தவிர, தன் வாதத்தை அது குலைப்பதை உணரவில்லை. பின்னர், குடிசைப் பகுதி மக்களுக்கான அரசுக் குடியிருப்பைக் கட்டும்போது ஆள் பற்றாக்குறை நேர, வேலையற்ற பொறியாளர்களை இணையத்தின் வழியே ரகுவரன் திரட்டுகிறான். மூன்று படங்களிலும் தனிமனிதன் கூட்டமாக மாறும் ஒரே தருணம் இது. ரங்கனுக்கு வாய்க்காததும் பிரபாகர் நினைத்தும் பாராததுமான இத்தருணத்தைப் படம் விரைவாகக் கடந்து, பெருநிறுவன வாரிசோடு நாயகன் நடத்தும் தனிச்சண்டைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த வாரிசின் முன் ரகுவரன் மூச்சுவிடாமல் பேசும் நீண்ட வசனத்துக்குத் திரையரங்குகள் ஆர்ப்பரித்தன. அது தன் நெஞ்சோடு பேசும் பேச்சன்று. வென்றவன் தோற்றவனிடம் பேசும் பேச்சு. அங்கே தயக்கத்துக்கு இடமேயில்லை.

கேட்கப்படாத வினா

மூன்று படங்களையும் அருகருகே வைக்கும்போது, தனித்தனியே பார்க்கையில் எளிதில் கண்ணில் படாத ஒன்று தெரிகிறது. நாயகன் வேலையைப் பற்றி வழக்காடிக்கொண்டிருக்கும்போது நாயகி ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறாள். தேவி (ஸ்ரீதேவி) நாடகத்தில் நடித்துக் குடும்பத்தைக் காக்கிறாள். ஷாலினி (அமலா பால்) பல் மருத்துவராக நன்கு சம்பாதிக்கிறாள். ஆனந்தி (அஞ்சலி) வறுமையால் ஊர்விட்டு ஊர் தள்ளப்பட்டு இறுதியில் பாலியல் தொழிலில் சிக்குகிறாள். இம்மூவரிடமும் எந்தக் கதாபாத்திரமும், உனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா, இதற்காக எதை இழந்தாய் என்று கேட்பதில்லை. ஷாலினியின் ஊதியம் நாயகனின் தாழ்வுணர்ச்சியை அளக்கும் கோலாகவே பயன்படுகிறது. மருத்துவராவதற்கு அவள் பட்ட பாடு திரைக்கு வெளியே உள்ளது. ஆனந்தியின் துயரம் பிரபாகரின் இழப்பாக மொழிபெயர்க்கப்படுகிறது. 2000 ரூபாய்க்காகக் குமுறும் படம், பேசிய பணம்கூட முழுமையாகக் கைக்கு வராத அவளது உழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதன் வேர் ஆழமானது. பொருள்வயிற் பிரிவு தலைவனுக்கே உரியது. தலைவியோடு கடல்கடந்து செல்லும் வழக்கமில்லை என்பது தொல்காப்பிய விதி. பொருளா, அன்பா என்று நெஞ்சோடு வழக்காடும் உரிமையும் அவனுக்கே, அவளுக்கு ஆற்றியிருத்தல். பெண் வீட்டைவிட்டு வெளியேறி ஊதியம் ஈட்டத் தொடங்கிப் பல பதிற்றாண்டுகள் ஆன பின்னரும் இவ்வுரிமைப் பகிர்வு திரைக்கதையில் அதிகம் மாறவில்லை.

விதிவிலக்கு ஒன்றைச் சுட்டலாம். வறுமையின் நிறம் சிவப்புக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே பாலசந்தர் இயக்கிய அவள் ஒரு தொடர்கதை (1974). அதில் கவிதா (சுஜாதா) பொறுப்பற்ற அண்ணனையும் விதவையான தங்கையையும் பார்வையற்ற தம்பியையும் தன் ஊதியத்தால் தாங்குகிறாள். அவள் சிடுசிடுப்பானவள், கணக்குப் பார்ப்பவள், கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சொல்லிக்காட்டுபவள். தியாகத்தின் திருவுருவாக அவளை மாற்றாமல் சலிப்போடு படைத்தது அக்காலத்தில் பெருந்துணிவு. ரங்கனின் கோபத்தைக் கொண்டாடிய அளவுக்குக் கவிதாவின் சலிப்பைத் தமிழ்த் திறனாய்வு ஒரு விழுமியமாக எடுத்துப் பேசவில்லை. அவளுக்கும் காதல் இருந்தது. விலகும் நாளும் குறிக்கப்பட்டது. ஆனால் அண்ணன் இறந்தபோது தன் மணவாழ்வை விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபடியும் அதே அலுவலகத்துக்கே அவள் புறப்படுகிறாள். ரங்கனைப்போல, பிரபாகரைப்போல, ரகுவரனைப்போல மறுக்கும் வாய்ப்பு அவளுக்கு அமையவில்லை. அவள் மறுத்திருந்தால் அன்று மாலை அவ்வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.